கபசுரக் குடிநீர் முதல் காந்தம் வரை: கோவிட் வதந்திகள், கேள்வி பதில்

நான் பொது சுகாதார மருத்துவர். இரண்டாம் அலையில் கோவிட் வார்டில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்து வாட்ஸ்அப் வைத்தியங்களைப் பற்றிக் கேளுங்கள்.

செல்வி, மதுரை: நடிகர் விவேக் தடுப்பூசியால்தானே இறந்தார்?

2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி மறைவு. அடுத்தடுத்து நடந்ததால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது. ஒன்றிய அரசின் குழு ஆராய்ந்து, ஊசி காரணமில்லை என்று அக்டோபரில் சொன்னது. ஏப்ரல் வதந்தி நுழைந்த வீடுகளுக்கெல்லாம் அந்த அறிக்கை போய்ச் சேரவில்லை. வேறொரு தடுப்பூசியான கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்த உறைவு வந்தது உண்மை. அதை மறைத்தால் வதந்திக்குத்தான் தீனி.

பாஸ்கர், ஓசூர்: ஊசி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டுகிறதே?

போடுவதே அரை மில்லி மருந்து, காந்தத்தை இழுக்க அதில் ஒன்றுமில்லை. வியர்வைப் பிசுக்கில் நாணயமும் ஒட்டும்.

ரஹீம், வேலூர்: 5ஜி கோபுரத்தால்தான் கொரோனா வந்ததாமே?

இந்தியாவில் 5ஜி சேவை வந்தது 2022 அக்டோபரில். கோவிட் அதற்கு முன்பே வந்து ஆடித் தீர்த்துவிட்டது.

சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை: கபசுரக் குடிநீரும் வதந்தியா? அரசே கொடுத்ததே!

குடித்ததில் எனக்குச் சண்டை இல்லை. "இதைக் குடித்தால் கொரோனா அண்டாது" என்ற வரிதான் வதந்தி. அதை நம்பி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் நான்கு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தேன். கஷாயம் அவர்களைக் கெடுக்கவில்லை, கைவிட்டுப் போன அந்த நாட்கள்தான் கெடுத்தன. ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மீண்டும் அவரே: ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையை மட்டும் நீங்கள் ஆதாரத்தோடா கொடுத்தீர்கள்?

சரியான அடி. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' என்ற மருந்துப் பரிசோதனை ஆய்வு, மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அதனால் பலனில்லை என்றது. அதன் பிறகும் இங்கே சீட்டில் எழுதினார்கள், நான் உட்பட. ஆனால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தருவதைக் காட்டியதும் அதே ஆய்வுதான்: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த நல்ல செய்தி வாட்ஸ்அப்பில் "கொரோனா மாத்திரை" ஆனதுதான் கொடுமை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் கடையில் வாங்கி விழுங்கினார்கள். சர்க்கரை எகிறியது, கரும்பூஞ்சையில் கண் போனவர்கள் உண்டு. உங்கள் துறையிலும் அப்படியோர் ஆய்வு செய்யுங்கள், முதல் ஆளாக வாசிக்கிறேன்.

கலா, திருப்பூர்: கற்பூரம், ஓமம், கிராம்பு கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறுமா?

ஏறாது. மூக்கு திறந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். 94, மறக்காதீர்கள்.

மணி, கடலூர்: ஆவி பிடித்தால்?

கிருமி சாகாது, முகம் வெந்துபோகலாம். 94.

வித்யா, கோவை: அப்பா இன்னும் குடும்பக் குழுவில் இப்படியே அனுப்புகிறார்.

குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள், வீம்புக்கு இன்னும் இரண்டு அனுப்புவார். தனியாகப் போன் போட்டு, "இது யார் அனுப்பியது அப்பா?" என்று கேளுங்கள். பலமுறை கைமாறிய செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும், அதைக் காட்டிக்கொடுங்கள். 2020 ஏப்ரலிலேயே அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பும்படி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அப்பாக்கள் ஒவ்வொருவருக்காக உட்கார்ந்து அனுப்பினார்கள். பேரன் நன்றாக இருக்க வேண்டுமே என்ற பதைப்பு, வேறென்ன.

குமார், தருமபுரி: காந்தம் ஒட்டுவது பற்றி...

நாணயத்தையும் வைத்துப் பாருங்கள், குமார்.