காது நீண்ட பேயும் கத்திப் பார்த்த பையனும்

கேள்வி: ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ வீடியோ கேம் வரிசையின் முதல் விளையாட்டை, அமெரிக்கப் பதிப்பில், என் மகன் ஆடுகிறான். அதில் வரும் ‘போல்ஸ் வாய்ஸ்’ என்ற பேய்க்குச் சத்தம் ஆகாது என்று கையேட்டில் இருக்கிறதாம். வீடே அதிரக் கத்துகிறான், பேய் சாகவில்லை. ஒழுங்காகப் படித்துவிட்டு ஆடு என்று திட்டினேன். சரிதானே?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சரியில்லை. பையன் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். தப்பு கையேட்டில்.

1986-ல் ஜப்பானில் இந்த விளையாட்டு வந்தபோது, அங்கிருந்த ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் இரண்டாவது கண்ட்ரோலரில் சின்னதாக ஒரு மைக் உண்டு. அதை வாயருகே பிடித்துக் கத்தினால், முயல் காதை ஆட்டிக்கொண்டு குதித்து வரும் அந்தப் பேய்கள் சுருண்டு விழும். என்ன கத்தினோம் என்பது கணக்கில்லை, சத்தம் போனால் போதும். 1987-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோது அங்கே விற்ற கருவியின் கண்ட்ரோலரில் மைக்கே கிடையாது. உரத்த சத்தம் அதற்குப் பிடிக்காது என்ற வரி மட்டும் கையேட்டில் அப்படியே நின்றுவிட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று. இந்தப் பேய்கள் மொய்க்கும் ஐந்தாம் நிலவறையில்தான் ஒரு குழல் கிடைக்கும். அந்த நிலவறைத் தலைவன் டிக்டாகர் குழலோசை கேட்டால் சுருங்கிவிடும். அப்படியென்றால் பேய்க்கும் இதுதான் மருந்து என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். ஊதினால் ஒன்றும் நடக்காது.

மொழிபெயர்த்தவர் வரியில் பிழை இல்லை. கண்ட்ரோலரைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் குற்றம். மாட்டுங்காவில் நாங்கள் வாங்கிய ஒரு குக்கரின் தமிழ்த் தாளில் ‘பச்சை விளக்கு எரிந்ததும் திறக்கவும்’ என்று இருந்தது. அந்த குக்கரில் விளக்கே இல்லை. அம்மா சோறு குழையும்வரை காத்திருந்தார், தனக்குத்தான் விளங்கவில்லை என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. படித்ததை நம்பியவர் மேல் பழி விழக்கூடாது.

மகனிடம் சொல்லுங்கள்: வில் எடுக்கட்டும், ஓர் அம்பு பட்டாலே அந்தப் பேய் காலி. ஒவ்வோர் அம்புக்கும் ஒரு ரூபி, அதாவது விளையாட்டுக்குள் புழங்கும் காசு, குறையும், அதனால் கையில் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு உள்ளே போகட்டும். கத்த ஆசையாக இருந்தால், 2007-ல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த இதே வரிசை விளையாட்டு ‘ஃபாண்டம் ஹவர்கிளாஸ்’ இருக்கிறது. அதில் மைக்கில் கத்தினால் இதே பேய் கலங்கிப்போகும்.

அப்புறம், திட்டியதற்கு அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள்.