எம்டிஎம் நிறுவனத்தின் பூனைக்குட்டி லோகோ தொடருக்குத் தொடர் மாறியது ஏன்?

அமெரிக்க நடிகை மேரி டைலர் மூரும் கிராண்ட் டிங்கரும் 1969இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பு நிறுவனம் எம்டிஎம். ஹாலிவுட் பட நிறுவனமான எம்ஜிஎம்மின் லோகோவில் கர்ஜிக்கும் சிங்கத்தைக் கிண்டல் செய்யத்தான் அந்த இடத்தில் ‘மியாவ்’ சொல்லும் பூனைக்குட்டியை வைத்தார்கள். அதன் பெயர் மிம்ஸி.

அடிப்படைப் படத்துண்டு ஒன்றேதான். சில விநாடிகளே ஓடுவதால், அதன்மேல் உடையோ ஒலியோ சேர்த்தாலே அந்தந்தத் தொடருக்கான லோகோ தயார். ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ போலீஸ் தொடர் என்பதால் தொப்பி. துப்பறியும் ‘ரெமிங்டன் ஸ்டீல்’ தொடருக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் பாணித் தொப்பி, புகைக்குழாய். மருத்துவமனைக் கதையான ‘செயின்ட் எல்ஸ்வேர்’ தொடருக்கு அறுவை சிகிச்சை முகக்கவசம். ‘நியூஹார்ட்’ தொடரில் உடை இல்லை, ஒலிதான் மாறியது: ‘மியாவ்’ சொல்வது நாயகன் பாப் நியூஹார்ட்டே.

உச்சம் 1988இல் வந்த ‘செயின்ட் எல்ஸ்வேர்’ கடைசி அத்தியாயம். பெயர்ப் பட்டியல் ஓடும்போது பூனை அசையாமல் படுத்திருக்க, அருகே இதயத்துடிப்புக் கருவி. முடிவில் கோடு நேராகிவிடும். கொஞ்சம் குரூரமான நகைச்சுவைதான்!

மறுஒளிபரப்புகளில் இவற்றைத் தேடி ஏமாறுபவர்கள் உண்டு. உரிமை கைமாறும்போது புதிய விநியோகஸ்தர் தன் லோகோவைப் பழையதன்மேல் ஒட்டிவிடுவது அந்தத் துறையில் சகஜம். சில பிரதிகளில் படம் மட்டும் மாறி, பழைய ஒலி அப்படியே கேட்கும்.