பீரோவில் எடுத்த கைரேகையைக் கணினியில் போட்டதும் ஆள் தெரிந்துவிடுமா?

கேள்வி: தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) திருட்டு நடந்து, கைரேகை எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆதாரோடு ஒப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் ஆள் தெரியாதா?

ஆதார் பக்கமே போக முடியாதுங்க. திருட்டு வழக்குக்கெல்லாம் அதிலுள்ள கைரேகையைத் தர ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு விடாது. போலீஸ் தேடுவது 2022-இல் வந்த நாஃபிஸ் என்ற தேசியக் கைரேகைத் தொகுப்பில். கைதாகி அதில் பதிவாகும் ஒவ்வொரு ஆளுக்கும் 10 இலக்க எண் உண்டு. பாலக்காட்டில் பிடிபட்டுப் பதிவான ஆள் பொள்ளாச்சியில் திருடினாலும் சிக்குவான். இதுவரை எந்த வழக்கிலும் கைரேகை பதியாதவன் சிக்க மாட்டான்.

வேலை கெடுவது பெரும்பாலும் கணினிக்கு முன்னாலேயே. சொரசொரப்பான பெயின்ட் அடித்த பீரோவில், ரேகை தெரியத் தூவும் பவுடர் குழிகளிலெல்லாம் போய் உட்கார்ந்து ரேகையை மூடிவிடும்; அதே பீரோவின் கண்ணாடியில் பளிச்சென்று வரும். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் கட்டாயம். அது இல்லாவிட்டால் நிஜ அளவு தெரியாது, ஒப்பீடு தடுமாறும். ரேகையில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சுமார் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்குலத்துக்கு 500 புள்ளி ஸ்கேனில் அதற்கு ஒன்பது பத்துப் புள்ளிகளே விழும். அதனால் சம்பவ இடத்து ரேகைக்கு 1000 வைப்பது நல்லது.

இன்னொரு கண்ணி: வெள்ளைப் பவுடரில் எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் ரேகை வெள்ளையாக இருக்கும். நிறத்தைத் திருப்பாமல் ஏற்றினால் மென்பொருள் கோடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைக் கோடாக எடுத்துக்கொள்ளும். முடியும் கோடு பிரியும் கோடாகிவிடும். மங்கலான ரேகையில் இப்படிக் கோடு முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் நிபுணர் கையாலேயே குறித்துத் தருவார். தானாகக் குறிக்க விட்டால் அழுக்குக் கோட்டையும் சேர்த்துக் குறித்து வைக்கும்.

கணினி கொடுப்பது மதிப்பெண் வரிசையில் சில பேர். முதல் பேர்தான் ஆள் என்று இல்லை, ஐந்தாவதாகவும் இருக்கலாம், யாருமே இல்லாமலும் போகலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நிபுணர் பார்ப்பார், பிறகு இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பார். நீதிமன்றத்தில் நிற்பது அந்தக் கருத்துதான்.

தொகுப்புக்காகக் கைரேகை பதியும்போதே ஓட்டை விழும் இடம் நம்ம ஊர்ப் பக்கம் கொஞ்சம் அதிகம். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா, பிளீச்சிங் தொடுபவர்களுக்கும், உலோகம் வார்க்கும் பவுண்டரியில் வார்ப்பு தூக்குபவர்களுக்கும் விரல் நுனி தேய்ந்திருக்கும். காய்ந்த விரல் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டாது, கோடு துண்டு துண்டாக வரும். ஈரத்துணியால் துடைத்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தாமல் ஒரே உருட்டாக உருட்ட வேண்டும். அழுத்தினால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும்.

உங்கள் வீட்டு ஆட்கள் ரேகையும் கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். பீரோவில் இருப்பது பாதிக்கு மேல் உங்கள் விரலாகவே இருக்கும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தேடலுக்கு ஏற்றுவார்கள்.