மேட்டில் வருவது வாயு அல்ல

முழங்காலில் சத்தம் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள், அதை அப்புறம் பார்க்கலாம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். ‘ஏற்காட்டுக் காட்டுப் பாதையில் ஓடும்போது மூன்றாவது மேட்டில் மட்டும் நெஞ்சில் வாயு அடைத்த மாதிரி இருக்கும், தாடை வரைக்கும் ஏறும். கூட வருகிறவர்களுக்குத் தெரியாமல் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி ரெண்டு நிமிஷம் நிற்பேன், சரியாகிவிடும்.’ அதற்கு அடுத்த வரியில், அப்பா 49 வயதில் மாரடைப்பில் போனதையும் உங்களுக்கு இப்போது 47 என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். முழங்காலுக்காக நீங்கள் எனக்கு எழுதவில்லை.

வயிற்று வாயுவுக்கு மேடு எது, சமதளம் எது என்று தெரியாது. சாப்பிட்டதும் வரும், படுத்தால் வரும், ஏப்பம் விட்டால் இறங்கும். உங்களுக்கு ஏற்றத்தில் வருகிறது, நின்றதும் போகிறது, அடுத்த வாரம் அதே மேட்டில் திரும்பவும் வருகிறது. ஓடும்போது இதயத் தசைக்கு ரத்தம் பல மடங்கு தேவை. அதைக் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து சுருங்கியிருந்தால், சமதளத்தில் எப்படியோ ஒப்பேற்றிவிடும், ஏற்றத்தில் முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் இறுக்கமாகத் தெரிகிறது. நெஞ்சிலும் வரலாம், தாடை, தோள், இடது கை என்றும் பரவலாம். இதை ஆஞ்சைனா என்கிறோம். இல்லை என்று பரிசோதனை சொல்லும்வரை உங்களுக்கு இருப்பது அதுதான் என்று எண்ணித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

மலையில் காற்று மெலிந்திருப்பதால்தான் இப்படி என்று இணையத்தில் படித்தீர்களாம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அந்த உயரத்தில் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும், தாடை இழுக்காது. ஆறு மாதமாக வெறும் வயிற்றில் வாயு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. ஆறு மாதம் வீணாகிவிட்டது. போன வருடத்து ஈசிஜி நார்மல் என்பதையும் நம்பி உட்கார வேண்டாம். அது படுத்திருக்கும்போது எடுத்தது. உங்களுக்குத் தொந்தரவு வருவதோ மேட்டில்.

இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதயப் பிரிவு இருக்கிறது. லேஸ் கட்டுகிற விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். பாதி விடை அதில் இருக்கிறது. எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி), சி.டி. ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்களின் ஸ்கேன்) இவற்றில் எது முதலில் என்பதை அவர் முடிவு செய்வார். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ராலும் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அதுவரை ஓட்டம் இல்லை, மலை இல்லவே இல்லை.

முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தும் விடவில்லை, குப்பென்று வியர்க்கிறது: இவற்றில் எது நடந்தாலும் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அதுவும் 20 கொண்டை ஊசி வளைவுள்ள சாலையில் நெஞ்சு வலியோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கூடாது.

இனி நீங்கள் கேட்ட மற்றவை. முழங்காலில் சொடக்குச் சத்தம் மட்டும்தான், வலியும் வீக்கமும் இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். கட்டைவிரல் நகம் கறுத்தது, இறக்கத்தில் விரல் ஷூ முனையில் இடித்ததால். விழுந்து புதிதாக முளைக்கும், அடுத்த ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். அட்டை கடித்த இடத்தில் ரொம்ப நேரம் ரத்தம் கசிவது வழக்கம்தான். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் சுரக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். ஓடும்போது கைவிரல் வீங்குவதையும் மறந்துவிடுங்கள்.

பயந்து ஓட்டத்தையே விட்டுவிடாதீர்கள். அடைப்பு இருந்து, சரிசெய்துகொண்டு, மருத்துவர் அனுமதித்த பிறகு மறுபடி ஓடுகிறவர்கள் என்னிடம் வருகிறவர்களிலேயே இருக்கிறார்கள். காப்பித் தோட்டத்து ஓரமாக சில்வர் ஓக் நிழலில் போகும் அந்த ஆறு கிலோமீட்டர் சுற்றை நீங்கள் வர்ணித்திருக்கும் விதத்திலேயே, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது.

உங்கள் தம்பிக்கு 43 என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அதே அப்பாதான். தொந்தரவு இல்லாவிட்டாலும் அவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று ஓட்டக் குழு கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவர்களில் இன்னொருவரும் அதே மேட்டில் லேஸ் கட்டிக்கொண்டிருக்கலாம்.