வாங்கினாலும் செய்து தருகிறார்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் போன வருஷம் போட்ட சிமெண்ட் ரோடு இந்த மழைக்கே பெயர்ந்துவிட்டது. கேட்டால், "எல்லாருக்கும் பங்கு போகுது, யாரைப் போய்க் கேட்பது?" என்கிறார்கள். அதிகாரிகள் எல்லாரும் மந்திரியாக இருந்த கக்கனைப் போல இருக்க வேண்டும் என்பது நடக்கிற காரியமா? வாங்கினாலும் வேலையை முடித்துத் தருகிறவரே நல்லவர் என்று தோன்றுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'வாங்கினாலும் செய்து தருகிறார்' என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அப்பா இறந்தபின் அரை ஏக்கர் நிலத்துக்குப் பட்டா மாற்ற மூன்று மாதம் நடந்தேன். கடைசியில் பணம் கொடுத்தேன். நான்காம் நாள் வேலை முடிந்தது. கொடுத்த அன்று ஆபீஸ் வாசல் பெஞ்சில் ஒடுகத்தூர்ப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே மனு கொடுத்தவர். பட்டா வாங்கப் போன அன்றும் அதே பெஞ்சில்தான் இருந்தார். "உனக்கு வந்துடுச்சாப்பா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். என் காகிதம் மேலே போனதால் அவர் காகிதம் கீழே போயிருக்கிறது. 'செய்து தருகிறார்' என்பதெல்லாம் கையில் பணம் இருக்கிறவர்களின் பேச்சு. அந்தப் பாட்டிக்கு அவர் எதையும் செய்து தரவில்லை.

கக்கனை நான் வணங்குகிறேன். பொதுப்பணி, உள்துறை என்று பெரிய இலாகாக்களைப் பார்த்தவர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தார். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நேர்மை என்றால் துறவறம், நம்மால் ஆகாது என்று ஆக்கிவிட்டோம். ரேஷன் கடைத் தராசு சரியாக நிற்க வேண்டும் என்று கேட்கிறோமே, கடைக்காரர் மகானாக இருக்க வேண்டும் என்றா கேட்கிறோம்? நான் எதிர்பார்ப்பது அந்த அளவுதான்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஓட்டுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் ஓட்டுப் போட்டோம். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர், ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் தப்பலாம்.

சரி, உங்கள் ரோட்டுக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். "ரோடு ஏன் தரமில்லை?" என்று கேட்காதீர்கள். கேள்விக்கு விளக்கம் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள்: எஸ்டிமேட், எம் புக் என்கிற அளவுப் பதிவேடு, பில், மூன்றின் நகலும் வேண்டும் என்று. எம் புக் முக்கியம். போட்ட ரோட்டின் நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த அளவை வைத்துத்தான் பில் பாஸாகிறது. ரோடுதான் பெயர்ந்து கிடக்கிறதே, கனத்தை நீங்களே டேப் வைத்துப் பார்த்துவிடலாம். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரி கேட்கவும்கூட அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

30 நாளில் பதில் வராவிட்டால் அங்கேயே மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

ஒருவர் மட்டும் மனு போட்டால் அவரைத்தான் குறி வைப்பார்கள். தெருவில் நாலைந்து பேர் ஆளுக்கொன்று போடுங்கள். காகிதம் வந்ததும் கிராம சபையில் எழுந்து அந்த அளவுகளை உரக்கப் படியுங்கள். நவம்பர் 1, ஜனவரி 26 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வரவு செலவு கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை.

எம் புக் நகல் கிடைத்ததும் எழுதுங்கள். அளக்கிற அன்றைக்கு நானும் வருகிறேன்.