நிலாவில் வாங்கிய ஒரு ஏக்கர் செல்லுமா?

கேள்வி: எங்கள் மாப்பிள்ளை கல்யாண நாளுக்கு என் மகள் பெயரில் நிலாவில் ஒரு ஏக்கர் நிலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆன்லைனில் பணம் கட்டியதும் சான்றிதழ், வரைபடம் எல்லாம் தபாலில் வந்து, ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியாகிவிட்டது. இது சட்டப்படி செல்லுமா? பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: செல்லாதும்மா. சான்றிதழ் உங்கள் மகளுடையது, ஆனால் நிலாவில் ஒரு பிடி மண்கூட அவருடையது இல்லை. மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்த பரிசு, அது மாட்டிய இடத்திலேயே இருக்கட்டும். அதைச் சொத்து என்று மட்டும் கணக்கில் வைக்க வேண்டாம்.

ஊரில் ஒரு சென்ட் இடம் வாங்கினாலும் முதலில் என்ன கேட்போம்? விற்கிறவருக்கு அது எப்படி வந்தது, மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்றுதானே. அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். அந்தச் சான்றிதழில் மகளின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தங்க நிற முத்திரை, நிலாப் படத்தில் ஒரு புள்ளி என்று எல்லாம் இருக்கும். விற்கிறவருக்கு நிலம் யாரிடமிருந்து வந்தது என்பது மட்டும் இருக்காது. இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர் அமெரிக்காவின் டென்னிஸ் ஹோப். 1980-ல் நிலா தன்னுடையது என்று ஓர் உரிமைகோரலைப் பதிவு செய்துவிட்டு ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை, யாரும் மறுக்காததால் தனக்கே சொந்தம் என்று விற்கத் தொடங்கிவிட்டார். மறுக்காமல் இருந்தாலே சொத்து கைமாறிவிடும் என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை. அவருக்கு முன்பே, 1954-ல், சிலி நாட்டின் தால்கா நகரில் ஹெனாரோ கஹார்தோ வேரா என்ற வழக்கறிஞர் நோட்டரி முன்னால் போய் நிலாவைத் தன் பெயருக்கு எழுதி வைத்தார். முதலில் எழுதியவருக்குத்தான் சொந்தம் என்றால் ஹோப்புக்கே நிலம் கிடையாது!

நம் சட்டப்படி பார்த்தாலும் இது நிற்காது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால் கிரையப் பத்திரம் பதிவாக வேண்டும், அதுவும் சொத்து எந்த சார்பதிவாளர் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பதிய முடியும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நிலாவுக்கு எந்த சார்பதிவாளர்? தேனியிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. நாளைக்கு வேறொருவர் அதே ஒரு ஏக்கருக்கு இன்னொரு சான்றிதழோடு வந்து நின்றால் தீர்த்து வைக்க நீதிமன்றமும் இல்லை. அதனால் பேரப்பிள்ளைகளுக்கு ஃப்ரேம் போகும், நிலம் போகாது.

கேள்வி: 1967 விண்வெளி ஒப்பந்தம் நாடுகளைத்தானே தடுக்கிறது? தனி மனிதர் உரிமை கொண்டாடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லையே, அந்த ஓட்டை வழியாகத்தான் விற்கிறோம் என்கிறார்களே?
- சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: விற்கிறவர்கள் எல்லோரும் பிடித்துத் தொங்குவது இந்த வாதத்தைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, நிலா உட்பட எந்த வான்பொருளையும் இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறு எந்த வழியிலோ எந்த நாடும் தனதாக்க முடியாது என்கிறது. தனி ஆள் என்ற சொல் அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் ஆறாம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். அரசு சாராதவர்கள் விண்வெளியில் செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு, நாடுதான் அனுமதி கொடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தனக்கே இல்லாத உரிமையை ஒரு நாடு தன் குடிமகனுக்கு எப்படிக் கொடுக்கும்?

நில உரிமை என்பதே ஓர் அரசு பின்னால் நின்று 'இது இவருடையது, மற்றவர் நுழையக் கூடாது' என்று காப்பாற்றிக் கொடுப்பதுதான். நம்மூர்ப் புறம்போக்குக்குக்கூட அரசு என்று ஓர் உரிமையாளர் உண்டு, அதனால்தான் அதற்குப் பட்டா கேட்டு மனு கொடுக்க முடிகிறது. நிலாவுக்கு அந்த உரிமையாளரே கிடையாது, பட்டா கேட்டு யாரிடம் போவது?

நீதிமன்றங்களும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஓர் அமெரிக்கர் ஈரோஸ் என்ற சிறுகோள் தன்னுடையது என்று எழுதி வைத்துக்கொண்டு, 2001-ல் நாசாவின் விண்கலம் அதில் இறங்கியதும் பார்க்கிங் கட்டணமாக 20 டாலர் கேட்டு பில் அனுப்பி, வழக்கும் போட்டார். 2004-ல் நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2005-ல் பெய்ஜிங்கில் நிலா நிலம் விற்கக் கடை திறந்த நிறுவனத்தின் உரிமத்தை அதிகாரிகள் பறித்தார்கள், நீதிமன்றத்துக்குப் போயும் திரும்பக் கிடைக்கவில்லை. தனி மனிதருக்கும் சொந்தமில்லை என்று வெளிப்படையாகவே எழுதிய 1979-ஆம் ஆண்டு நிலா உடன்படிக்கையும் இருக்கிறது, ஆனால் அதில் இருபது நாடுகள்கூடச் சேரவில்லை. இந்தியா கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. 1967 ஒப்பந்தத்தை 1982-லேயே ஏற்புறுதி செய்துவிட்டது, நம்மைக் கட்டுப்படுத்த அது போதும்.

கேள்வி: அப்படியானால் நிலாவில் யாருக்கும் எதுவுமே சொந்தமில்லையா? கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வண்டிகள், கொடிகள்?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பொருள்கள் சொந்தம்தான். அனுப்பிய பொருள் எங்கே போனாலும் அதன் உரிமை மாறாது என்று அதே ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லூனகோட்-2. சோவியத் ஒன்றியம் 1973 ஜனவரியில் இறக்கிய எட்டுச் சக்கர வண்டி, குளியல் தொட்டி போன்ற உடம்பு, மேலே திறந்து மூடும் சோலார் மூடி. பூமியிலிருந்தே ஓட்டி ஏறத்தாழ 39 கிலோமீட்டர் போனார்கள். ஒரு பள்ளத்துக்குள் இறங்கியபோது திறந்திருந்த மூடி சரிவில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டது, பிறகு மூடியபோது அந்தப் புழுதி வெப்பத்தை வெளியேற்றும் பகுதியில் கொட்டியது, வண்டி சூடேறி நின்றுவிட்டது. 1993-ல் சோதபீஸ் ஏலத்தில் ரிச்சர்ட் கேரியட் என்ற கம்ப்யூட்டர் கேம் வடிவமைப்பாளர் அதை 68,500 டாலருக்கு வாங்கினார். வண்டி அவருடையது, அது நிற்கிற தரை அவருடையது இல்லை. சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்கு 'சிவ சக்தி' என்று நாம் பெயர் வைத்து, 2024-ல் சர்வதேச வானியல் ஒன்றியமும் ஏற்றுக்கொண்டதே, அதுவும் இப்படித்தான். லேண்டர் நம்முடையது, பெயர் நாம் வைத்தது, தரை எல்லோருக்கும் பொது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஏக்கர் விற்கிறவர்களைப் பற்றி அல்ல. தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்கே என்று 2015-ல் அமெரிக்கா சட்டம் போட்டது, பிறகு லக்சம்பர்க், ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான் எல்லாம் போட்டன. 2020-ல் நாசா நிலா மண்ணை வாங்க நான்கு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது, அதில் ஒன்றுக்கு விலை ஒரே ஒரு டாலர். மண்ணுக்காகவா? அங்கேயே எடுத்து அங்கேயே விற்கலாம் என்று ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காக. தென் துருவத்தில் தண்ணீர்ப் பனியும் நல்ல வெயிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கிற இடங்கள் மிகக் குறைவு. முதலில் போய் இயந்திரத்தை நிறுத்தி, சுற்றிலும் 'பாதுகாப்பு மண்டலம்' என்று கோடு போட்டுவிட்டால், பத்திரம் இல்லாமலேயே அந்த இடம் அவர்கள் கையில் போய்விடும். நிலா ஆய்வுக்காக அமெரிக்கா முன்னின்று உருவாக்கி, இந்தியா 2023 ஜூனில் கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்த மண்டலம் பற்றிய பகுதி இருக்கிறது. அது எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எத்தனை காலத்துக்கு என்று இறுக்கமாக விதி எழுத வேண்டிய நேரம் இது, எழுதுகிற மேசையில் நம் நாடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கேள்வி: நிலாக் கல்லாவது காசு கொடுத்து வாங்க முடியுமா?
- எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

பதில்: முடியும் கண்ணு! அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோவை அமெரிக்க அரசு தனியாருக்கு விற்பதில்லை. ஆனால் நிலாவில் விண்கல் மோதித் தெறித்த துண்டுகள் பூமியிலேயே விழுந்து கிடக்கின்றன, சஹாராவிலும் ஓமன் பாலைவனத்திலும் நிறையவே கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பல நாடுகளில் சட்டப்படியே விற்கிறார்கள், சின்னச் சில்லாகவும் கிடைக்கும். விண்கல் ஆய்வாளர் சங்கத்தின் பட்டியலில் அந்தக் கல்லின் பெயர் இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல், அதற்கப்புறம் பணம் கட்டலாம்.