விரல் முந்துகிறது, ஒலி பிந்துகிறது: லினக்ஸ் பியானோ கேள்வி பதில்

கேள்வி: மின் விசைப்பலகையை லினக்ஸ் கணினியில் இணைத்து, பியானோ மென்பொருள் மூலம் வாசிக்கிறேன். கணினி புதியது. ஆனாலும் கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் பியானோ ஒலிக்கிறது. ஏன்?

கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. ஒரு பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) அளவுக்குச் சேர்த்து மொத்தமாக அனுப்புகிறது. தாமதத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் மென்பொருளின் இயல்பு அளவு 1024 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த துளிகள்). நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஒரு பஃபருக்கு 21 மில்லிநொடி. அதையே 128 ஆக்கினால் 2.7 மில்லிநொடி. ஒலி அட்டையும் யுஎஸ்பியும் எடுக்கும் நேரம் இதற்கு மேல் சேரும்.

கேள்வி: அதற்காகத் தாமதத்தைக் குறைக்கும் ஜாக் என்ற ஒலி மென்பொருளை நிறுவ வேண்டுமா, ஐயா?

வேண்டாம். பைப்வயரே ஜாக்கின் இடத்தில் நின்று வேலை செய்யும். பியானோ மென்பொருளை ஜாக் வழியாகத் (pw-jack) தொடங்கும்போது, பைப்வயர் லேட்டன்சி (PIPEWIRE_LATENCY) என்ற சூழல் மாறிக்கு 128/48000 என்று மதிப்புக் கொடுங்கள். பிறகு டெர்மினலில் பிடபிள்யூ-டாப் (pw-top) கருவியைத் திறந்து, பஃபர் அளவைக் காட்டும் குவான்டம் பத்தியில் 128 தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே பிழைகளின் எண்ணிக்கையும் இருக்கும். வாசிக்கும்போது அது ஏறாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: 64 வைத்தேன். பெடலை மிதித்து வாசித்தால் ஒலி படபடவென்று உடைகிறது.

64 என்றால் அடுத்த பஃபரைக் கணக்கிட 1.3 மில்லிநொடிதான் அவகாசம். பெடலை மிதித்ததும் பழைய சுரங்கள் அணையாமல் புதியவற்றோடு சேர்ந்து ஒலிக்கின்றன. வேலை பல மடங்காகிறது. முதலில் சிபியுவின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் அமைப்பை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றுங்கள். மின்சாரத்தைச் சேமிக்க வேகத்தைக் குறைத்து வைத்திருக்கும் சிபியு, தேவைப்படும் கணத்தில் விழித்தெழப் பிந்துகிறது. அடுத்து, மென்பொருளில் பாலிஃபோனி வரம்பை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தயங்காமல் 128-க்குத் திரும்புங்கள். இரண்டு பஃபர்களாகக் கணக்கிட்டாலும் நீங்கள் இழப்பது 2.7 மில்லிநொடி. ஸ்பீக்கரை ஒரு மீட்டர் அருகே இழுத்தால் அது திரும்பக் கிடைத்துவிடும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. உடைந்த ஒலியோடு பெருமைக்கு 64 வைத்திருப்பதில் பயனில்லை.

கேள்வி: ரியல்டைம் கெர்னல் (அவசர வேலைகளைக் குறித்த நேரத்தில் முடிக்கும் லினக்ஸ் மையம்) அவசியமா?

பெரும்பாலும் இல்லை. அதற்கு முன் அனுமதியைச் சரிபாருங்கள்: உங்கள் பயனர் கணக்கு ஆடியோ குழுவில் இருக்கிறதா, அந்தக் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமை 95, நினைவகப் பூட்டு வரம்பின்றி என்று கொடுக்கப்பட்டிருக்கிறதா? ரியல்டைம் அனுமதி கிடைக்காவிட்டால் கெர்னலை மாற்றிப் பெரிய பயன் இருக்காது. இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் என்றால் முயலலாம். 2024-இல் வந்த கெர்னல் 6.12 பதிப்பு முதல் அந்த வசதி மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.

கேள்வி: புளூடூத் ஹெட்ஃபோன்?

கூடாது. அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிநொடியைத் தாண்டும். கம்பி வைத்த ஹெட்ஃபோனை மாட்டுங்கள்.

கேள்வி: பத்து விரலும் சேர்ந்து அழுத்தினால் சுரங்கள் சிதறி வருவதுபோல் தோன்றுகிறது. மனப்பிரமையா?

எந்தச் சுரம் அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஐந்து முள் மிடி கேபிள் என்றால் பிரமை அல்ல. அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆவதால், பத்தாவது சுரம் முதலாவதைவிட 6 முதல் 9 மில்லிநொடி வரை பிந்தலாம். விசைப்பலகையில் யுஎஸ்பி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் 10 மில்லிநொடி மிச்சம். வாசிக்க முடியுமா?

தாராளமாக. உண்மையான பியானோவிலும் கட்டையை மெல்ல அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொட நேரமாகும். குழல் ஆர்கன் வாசிப்பவர்கள் இதைவிடப் பெரிய தாமதத்தோடு பழகிவிடுகிறார்கள். தாமதம் ஒரே அளவாக இருந்தால் விரல்கள் சில நாட்களில் இணங்கிவிடும். ஒரு சுரத்துக்கு 5, அடுத்ததற்கு 15 என்று தடுமாறினால்தான் தாளம் கெடும். அப்போது பஃபரை 256 ஆக்கி வாசித்துப் பாருங்கள்.